ஆசை பிறக்கும் இடம் மூளை



"ஆபரேஷன் பண்ணிக்கிட்டா ஆண்மை போயிடுமே!" என்று பலர் என்னிடம் காதோடு காதாகக் கேட்கிறார்கள். போகாது.

இல்லற ஆசை பிறப்பது மூளையில்தான். மூளையில் எப்போதும் மிக நுண்ணிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1924-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் அதை மனிதரிடம் முதன்முதலில் பதிவு செய்தார். துணையின் பார்வையும் பேச்சும் தொடுதலும் மூளையில் மின் துடிப்புகளை எழுப்பும். அவை தண்டுவடம், நரம்புகள் வழியே இறங்கி, உறுப்புக்கு ரத்தத்தைப் பாயச் செய்யும்.

வாசக்டமியில் கட்டப்படுவது விந்தணு வரும் சின்னக் குழாய் மட்டுமே. மூளையையும் அந்த நரம்புகளையும் யாரும் தொடுவதில்லை. ஆண்மைச் சுரப்பு ரத்தத்தில் கலப்பதும் நிற்காது.

பின் ஏன் சிலருக்குத் தளர்ச்சி? பயம், கடன் கவலை, மனஸ்தாபம் இருந்தால் மூளையே நரம்புகளை அடக்கிவிடும். இருவரும் மனசு விட்டுப் பேசுங்க. லேகியக்காரரிடம் பணத்தைக் கொட்டாதீங்க. தளர்ச்சி நீடித்தால் சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, குடி, புகை காரணமாகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம்: ஆபரேஷனுக்குப் பின் 3 மாதம் ஆணுறை அவசியம். விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று தெரிந்த பிறகே அதை நிறுத்தலாம்.