யார் வாயில் வெள்ளி அடைப்பு?

வயதானவர்கள் வாய்விட்டுச் சிரிக்கும்போது, கடைவாய்ப் பல்லில் சாம்பல் நிறமாக ஓர் அடைப்பு தெரியும். அதை வெள்ளி அடைப்பு என்போம். மருத்துவர் அமால்கம் என்பார். அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதிதான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது வயது ஏறியவர்களிடமே அதிகம். அவர்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது ஃபுளோரைடு பற்பசை பரவியிருக்கவில்லை, சொத்தை மிகுதி. மென்று அரைக்கும் பல்லில் நிலைத்து நிற்க அமால்கமே கைகொடுத்தது. பல்லின் நிறத்திலேயே வரும் காம்போசிட் பிந்தித்தான் புழக்கத்துக்கு வந்தது.

ஆண், பெண் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய உடல்நல ஆய்வுகளில், அடைத்த பற்கள் பெண்களுக்கே கூடுதல். உடனே, பெண்களுக்குப் பல் உறுதி குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடைக்காமல் விட்ட சொத்தை ஆண்களுக்குத்தான் அதிகம். பல் மருத்துவரிடம் போவதில் பெண்கள் முந்திக்கொள்கிறார்கள், ஆண்கள் தள்ளிப்போடுகிறார்கள். அதுவும் சேர்ந்துதான் இந்தக் கணக்கில் தெரிகிறது.

சட்டமும் வயதைக் கேட்கத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜூலையில், மருத்துவர் கட்டாயம் தேவை என்று கருதினாலொழிய, 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அமால்கம் வைக்கக் கூடாது என்ற விதி வந்தது; 2025 முதல் அது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. 2022இல், பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையிலும் அந்த 2018 விதியைப் போன்ற ஒன்று சேர்ந்தது. இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு. 2006இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், அமால்கம் வைத்த குழந்தைகளின் அறிவுத்திறனில் குறை எதுவும் தென்படவில்லை. ஆனாலும் வளரும் மூளை விஷயத்தில் முன்னெச்சரிக்கை நல்லது என்பதே என் எண்ணம்.

இதைக் கேட்டுவிட்டு, வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் ஒரு பெண் தன் பழைய அடைப்பை உடனே எடுத்துவிட நினைக்கலாம். வேண்டாம் அம்மா. நல்ல நிலையில் இருக்கும் அடைப்பைத் தோண்டும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளியேறும்; நல்ல பல்லும் கொஞ்சம் போய்விடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2020இல் இதைத்தான் சொன்னது. அடைப்பு உடைந்திருந்தாலோ, ஓரத்தில் புதிதாகச் சொத்தை விழுந்திருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். கர்ப்பமாக இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். எதை வைத்து அடைக்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.