பேரேட்டில் உறங்கும் விலாசங்கள்

அம்பத்தூரில் தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் நண்பரொருவர், தம் தந்தையார் காலத்து வாடிக்கையாளர் பேரேட்டைக் கணினியில் ஏற்ற உத்தேசித்து என்னிடம் காட்டியபோது, அப்பழுப்புத் தாள்களில் ஊரின் சரித்திரமே படிந்திருக்கக் கண்டேன். 1997-க்கு முன் செங்கற்பட்டு, அப்பால் திருவள்ளூர், 2018 முதல் சென்னை என்று ஒரே வீதி மூன்று மாவட்டங்களுக்கு உரியதாகியிருந்தது. ஏழிலக்கத் தொலைபேசி எண்களோ, முன்னால் ஓர் இரண்டு சேர்ந்து எட்டிலக்கமாகி, பெரும்பாலும் மறைந்தே போய்விட்டன. மாறாமல் நின்றது 600053 என்னும் அஞ்சல் குறியீடுதான். போதாக்குறைக்கு, முதலெழுத்து முன்னும் பின்னுமாக, சில இடங்களில் இல்லாமலுமாக, ஒரே மனிதர் மூன்று நபர்களாய் அவதரித்திருந்தார்! ஆதலின், உள்ளதை உள்ளபடியே தட்டச்சுச் செய்யாமல், ஒவ்வொருவரிடமும் ஒருமுறை பேசிச் சரிபார்த்து, கைபேசி எண்ணை ஆதாரமாகக் கொண்டு, ஒருவருக்கு ஒரே வரி என்ற நியமத்தோடு ஏற்றுமாறு சொன்னேன். ‘பச்சை கேட், நாய் உண்டு, கால் மிஷின்’ என்று பெரியவர் ஓரத்தில் கிறுக்கியிருந்ததற்கும் ஒரு கட்டம் ஒதுக்கச் சொன்னேன். தொழிலின் ஜீவன் அங்கேதான் இருந்தது. உங்களிடமும் அப்படியொரு பேரேடு இருக்கலாம். ஏற்றி முடித்ததும் அதைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதிலிருப்பவை பிறர் வீட்டு விலாசங்கள்.