நீரிழிவின் ஐந்து முகங்கள்

வயது வந்தோருக்குத் தோன்றும் நீரிழிவை ஐந்து வகைகளாகப் பிரிக்கலாம் என்று சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்மா ஆல்க்விஸ்ட், லீஃப் குரூப் ஆகியோரின் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இவற்றுள், கணையம் போதிய இன்சுலினைச் சுரக்காத வகையினருக்கு விழித்திரை நோய், அதாவது கண்ணின் உட்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைவது, மிகுதியாக நேர்கிறது; இன்சுலின் சுரந்தும் உடல் அதற்கு இணங்காத ‘இன்சுலின் எதிர்ப்பு’ மிகுந்த வகையினருக்கோ, சர்க்கரை ஓரளவு கட்டுப்பட்டிருந்தாலும், சிறுநீரகம் பழுதாகும் அபாயமே பெரிதாக உள்ளது. உடற்பருமனையும் முதுமையையும் ஒட்டி வரும் இரு வகைகள் பெரும்பாலும் மிதமானவை. நோயெதிர்ப்பாற்றலே கணையத்தைத் தாக்குவது எஞ்சிய வகை. ஆகவே, சர்க்கரை அளவைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், விழித்திரையையும், சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்பதையும் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்வது நீரிழிவுள்ளோர் தவறவிடக் கூடாத கடமையாகும்.