எரிவாயு அடுப்பும் இல்லக் காவலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியமும் இசையும் முழங்கிய இம்மேடையில் அடுப்பைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் விழா முடிந்து வீடு திரும்பியதும் நாம் முதலில் நாடுவது அடுப்பையே அன்றோ? தலைநகரில் ஒரு சுவருக்கு இப்புறமும் அப்புறமுமாக வாழ்கின்ற நமக்கு, ஓர் இல்லத்தின் அடுப்பு அவ்வில்லத்தாருக்கு மட்டும் உரியதன்று. அங்கு நேரும் தவறு அண்டை வீட்டையும் தாக்கும். ஆதலின் இது சங்கம் பேச வேண்டிய பொருளே.

நம் முன்னோர் இந்நகருக்கு வந்த நாளில் கரி அங்கீட்டியிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ்விலும் சமைத்தனர். 1965-ஆம் ஆண்டு கல்கத்தாவில் இண்டேன் எரிவாயு முதன்முதலாக வீட்டுக்கு வழங்கப்பெற்றது. பின்னர் அது படிப்படியாக நாடெங்கும் பரவியது. அடுப்பு மாறியது, ஆனால் பழைய பழக்கங்கள் சில மாறவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ் அடைத்துக்கொண்டால் பின்னால் குத்திவிடுவது வழக்கம். அதே கையோடு எரிவாயு அடுப்பின் ஜெட்டையும் ஊசியால் குத்துவோர் இன்றும் உளர். ஜெட்டின் துளை மிக நுண்ணியது, பித்தளையால் ஆனது. ஊசி பட்டால் துளை பெருகும். துளை பெருகினால் வாயு மிகும். அதற்கு ஈடான காற்றுக் கலவாமல் சுடர் மஞ்சளாகும். பாத்திரத்தின் அடியில் கரி படியும். நீலச் சுடரே நற்சுடர். மஞ்சட் சுடர் அடுப்பு நமக்கு விடுக்கும் ஓலை எனக் கொள்க.

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு திரவமாக அடைக்கப்பட்டுள்ளது. அது புரொபேனும் பியூட்டேனும் கலந்தது. இயல்பில் அதற்கு மணமில்லை. கசிவை நாம் உணர்தற்பொருட்டே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளை அதனுடன் சேர்க்கின்றனர். அது காற்றினும் கனமானது. ஆகவே கசிந்தால் மேலே செல்லாது தரையில் படர்ந்து, மூலைகளிலும் அலமாரிகளின் அடியிலும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறியில் தீப்பற்ற அது போதும். எனவே இவ்வடுப்பில் சிறு உறுப்பு என்று அலட்சியம் செய்யத்தக்கது எதுவுமில்லை.

இனி, உதிரி உறுப்புகளுக்கு வருவோம். கடைத்தெருவில் இவை மலிவாகக் குவிந்து கிடக்கின்றன. "எல்லா அடுப்புக்கும் பொருந்தும்" என்று கடைக்காரர் உறுதி கூறுவார். அன்பர்களே, பொருந்துவது வேறு. உரியதாய் இருப்பது வேறு. இவ்வொரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டு நாம் இம்மேடையை விட்டுச் சென்றால் போதும்.

உறுப்புகளை மூவகையாகப் பிரித்துக் கொள்ளலாம். முதல் வகை, நாமே வாங்கி நாமே மாற்றத்தக்கவை: பாத்திரம் தாங்கும் கம்பிச் சட்டம், பர்னரின் பித்தளை மூடி, பர்னரைச் சுற்றியுள்ள தட்டு, திருகுங் குமிழ். இவற்றுக்கும் அடுப்பின் நிறுவனப் பெயரையும் மாதிரி எண்ணையும் குறித்துக்கொண்டு, பழைய உறுப்பைக் கையில் எடுத்துச் செல்லுதல் நலம். மூடி சரியாக அமராவிடின் சுடர் ஒருபுறம் எழும்பி மறுபுறம் அவியும்.

இரண்டாம் வகை, பயின்றவர் கை மட்டுமே தொடவேண்டியவை: ஜெட், குமிழின் கீழுள்ள வாயு அடைப்பான், அடுப்பினுள் ஓடும் வாயுக்குழல். குமிழ் இறுகிப் போயின் எண்ணெய் விட்டு முறுக்குவது ஆகாது. முகவர் அனுப்பும் பணியாளரையோ அடுப்பு நிறுவனத்தின் பணியாளரையோ அழைத்தல் வேண்டும்.

மூன்றாம் வகை, எரிவாயு முகவரிடமன்றி வேறெங்கும் கொள்ளத்தகாதவை: ரெகுலேட்டர், ரப்பர்க் குழாய், சிலிண்டர் வாயிலில் உள்ள ரப்பர் வளையம். ரெகுலேட்டர் நாம் முன்பணம் கட்டி, நம் பெயரில் பதிந்து பெற்றது. பழுதுற்றால் முகவரே மாற்றித் தருவார். உணவு விடுதிகளின் பேரடுப்புக்காக உயர் அழுத்த ரெகுலேட்டர்கள் விற்கப்படுகின்றன. சுடர் ஓங்கி எரியும் என்ற ஆசையால் அவற்றை வீட்டில் மாட்டுதல் பேராபத்து.

குழாயின்மேல் அச்சிட்ட ஆண்டைப் பார்த்து, 5 ஆண்டு நிறைந்ததும், வெடிப்பில்லை எனினும், மாற்றிவிடுக. ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் கூடாது. இரு துண்டுகளை இணைத்தலும், சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குக் கொண்டுசெல்லுதலும் கூடா. சிலிண்டர் வந்ததும், கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே மூடியைத் திறந்து வளையம் உள்ளதா, கசிவு உண்டா என்று பார்த்துப் பெறுதல் நம் உரிமை. சிலிண்டரின் கழுத்தருகே ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகளுள் ஒன்றும் ஆண்டும் பொறித்திருக்கும். அது மறுசோதனைக்கு உரிய காலாண்டைக் குறிக்கும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச்சு வரை. அக்காலம் கடந்த சிலிண்டரை ஏற்க வேண்டுவதில்லை.

புதிதாக வந்த குடும்பத்தார்க்குக் கடையில் இந்தியில் கேட்டு வாங்குதல் கடினமாயிருக்கலாம். எண்களுக்கோ மொழி வேற்றுமை இல்லை. குழாய்க்கு ஐ.எஸ். 9573, அடுப்புக்கு ஐ.எஸ். 4246 என்பன இந்திய தர நிர்ணய எண்கள். அவ்வெண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பொருளின் மீதே இருத்தல் வேண்டும். உறையின்மீது மட்டும் இருந்தால் போதாது.

பணி மாற்றத்தால் ஊர் ஊராய்ச் செல்லும் நம் குடும்பங்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. தலைநகரில் பல வீடுகளுக்குக் குழாய் வழியே இயற்கை எரிவாயு வருகிறது. அது பெரும்பாலும் மீத்தேன், காற்றினும் இலேசானது. அதற்கென அடுப்பின் ஜெட்டுகளைப் பெருந்துளை உடையனவாக மாற்றியிருப்பர். அவ்வடுப்பை அப்படியே வேற்றூருக்கு எடுத்துச் சென்று சிலிண்டருடன் இணைத்தால் சுடர் அளவு மீறிப் பாயும். அடுப்பு ஒன்றே; வாயு வேறு. ஊர் மாறினால் ஜெட்டையும் பயின்றவரைக் கொண்டு மாற்றுக.

இந்நகரத்துக் குளிரையும் மறத்தலாகாது. மார்கழி, தை மாதங்களில் சிலிண்டரினுள் அழுத்தம் குறைந்து சுடர் தளரும். அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் நிறுத்துவதும், படுக்கவைத்து உருட்டுவதும் பெருந்தவறு. குளிர் காய்தற்பொருட்டுக் கதவடைத்து அடுப்பை எரியவிடுவதும் அவ்வாறே. மூடிய அறையில் காற்றுக் குறைய, கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு பிறக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

கசிவு ஏற்பட்டதோ என்று ஐயம் தோன்றினால் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள்; கொப்புளம் எழும் இடமே கசியும் இடம். தீக்குச்சி கொளுத்திப் பார்த்தல் கூடவே கூடாது. நாற்றம் மிகுதியாயின், ரெகுலேட்டரை மூடுக. பூசையறை விளக்கு உள்ளிட்ட எல்லா நெருப்பையும் அணைக்க. கதவு, சன்னல்களைத் திறக்க. மின் விசையைப் போடவும் வேண்டா, அணைக்கவும் வேண்டா. இரண்டிலும் பொறி உண்டு. கசிவு நில்லாவிடில் ரெகுலேட்டரைக் கழற்றிப் பாதுகாப்பு மூடியை இட்டு, எல்லோரையும் வெளியேற்றுக. வெளியே வந்த பின்னரே தொலைபேசியை எடுத்து 1906 என்ற எண்ணை அழைக்க. இந்த அவசர உதவி இரவு பகல் எந்நேரமும் உண்டு. அண்டை வீட்டாரையும் எச்சரித்தல் நம் கடன்.

இரவு உறங்குமுன் அடுப்பின் குமிழோடு நில்லாது ரெகுலேட்டரையும் மூடுதல் நன்று. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நாளில் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டே கதவைப் பூட்டுக. இவை பெண்டிர் கடமை என ஆடவர் ஒதுங்குதல் தகாது; உண்பார் அனைவருக்கும் காவற்பொறுப்பு உண்டு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் தொலைவில் வாழ, தனித்திருக்கும் முதியோர் நம் காலனியில் பலர். முதுமையில் நாற்றம் அறியும் ஆற்றல் குறைவதுண்டு. எழுத்துப் பொறிப்பைப் படிக்கக் கண்ணும் துணைசெய்யாது. இன்று வீடு திரும்பியதும் நம் வீட்டுக் குழாயின் ஆண்டைப் பார்ப்போம். நாளைக் காலை அடுத்த வீட்டு மூத்தோர் குழாயின் ஆண்டையும் பார்த்து வருவோம். வேற்றூரில் உறவினர்போல் வாழ்வதற்கே நாம் சங்கம் வைத்தோம். அவ்வுறவு அடுப்படி வரை செல்லட்டும்.