சன்னல் வெளிச்சம் போதும்



ஃபேஷன் போட்டோகிராபி பழகும் மாணவர்களுக்கு முதல் ஆசான் வெளிச்சம்.

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காயும் களத்தில் காலை 7 மணிக்கு நின்று பாருங்கள். வெயில் சாய்வாக விழும். ஒவ்வொரு கிழங்கின் வரியும் தனியாகத் தெரியும். உச்சி வெயிலில் அந்த வரிகள் மங்கிவிடும்.

துணிக்கும் அப்படித்தான். சாய்ந்த வெளிச்சத்தில்தான் இளம்பிள்ளைச் சேலையின் மடிப்பும் ஜரிகையும் எடுப்பாகத் தெரியும்.

புகைப்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம், ரவிவர்மாவின் ஓவியங்களை 2020 காலண்டருக்காக நடிகைகளை வைத்துப் படமாக்கினார். அப்படிச் செய்ய, சேலையும் நகையும் பொருந்தினால் போதாது. வெளிச்சமும் பொருந்த வேண்டும்.

வீட்டிலேயே பழகலாம். பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு சன்னலோரம் நிற்கும்படி அக்காவிடம் சொல்லுங்கள். விளக்கை அணையுங்கள். சன்னலுக்கு எதிர்ப்பக்கம் தம்பி ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கட்டும். முகத்தில் விழுந்த நிழல் இளகும். சேலையின் நிறம் உள்ளபடியே வரும்.

விலையுயர்ந்த கேமராவுக்காகக் காத்திருக்க வேண்டாம். கையிலிருக்கும் செல்போன் போதும். முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். பிறகு படம் எடுங்கள்.

சன்னலைத் திறந்து, இன்றைக்கே ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.