மணமுறிவும் கணக்குப் புத்தகமும்
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு முகஞ் சுளித்தவர்கள் சிலர். “மங்கலமான சபையில் விவாகரத்துப் பேச்சு எதற்கு?” என்று பெரியவர் ஒருவர் எம்மை உரிமையோடு கடிந்துகொண்டார். அவருடைய மனத்தாங்கலை மதிக்கின்றோம். எந்தக் குடும்பமும் பிரிய வேண்டுமென்பது எமது ஆசையன்று. ஆனால் கலியாணம் என்றால் வாழைமரம் முதல் வெற்றிலை பாக்கு வரை கொப்பியில் எழுதிக் கணக்குப் பார்க்கும் நாம், அதே குடும்பம் உடைகின்ற நாளில் ஒரு சதக் கணக்கும் பாராமல் புதுக்கடைக்கு ஓடுகின்றோம். அந்த ஓட்டத்தில் அழிந்துபோகும் பணம் பெரும்பாலும் பிள்ளைகளின் பணம். ஆகையினாலேயே பேசத் துணிந்தோம்.

எமக்குத் தெரிந்த சகோதரி ஒருவரின் கதையைச் சொல்லுகின்றோம். கணவன் விட்டுப் போய் மூன்று ஆண்டுகள். இரண்டு பிள்ளைகள். காப்பு இரண்டை அடைவு வைத்து ஒரு சட்டத்தரணியிடம் போனார். “எவ்வளவு முடியும்?” என்று கேட்டார், ஒரு தொகை சொல்லப்பட்டது, கொடுத்தார். அது முழு வழக்குக்குமான தொகையென்றே எண்ணியிருந்தார். உண்மையில் அது வழக்கைப் பதிவு செய்வதற்கு மட்டுமான தொகை. அதன் பின்னர் தவணைக்குத் தவணை தனிக் காசு. ஏழாந் தவணையோடு கையில் இருந்தது தீர்ந்தது. வட்டி கட்டாத காப்புகளும் மூழ்கின. அவர் போவதை நிறுத்தினார், வழக்கும் தள்ளுபடியாயிற்று. இன்று அவர் மனைவியுமில்லை, விடுதலை பெற்றவருமில்லை. “வாழாவெட்டி” என்ற வசைச் சொல் மட்டும் மிஞ்சியது. அவருக்குக் குறைந்தது பணம் மாத்திரமன்று. முதல் நாளிலே கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை.

அந்தக் கேள்விகளுக்கு வருமுன் சட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவாம்.

இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டத்திலே, 1976இல் வந்த திருத்தத்தின் மூலம், இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு வழி உண்டு. இங்கிலாந்திலே 2022 ஏப்பிரில் 6ஆம் தேதி முதல் யார்மீதும் குற்றஞ் சாட்டாமலே பிரியலாம். இலங்கையில் வாழும் எமக்கு இவை பொருந்தா. எமது விவாகங்கள் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவன. அதில் மணமுறிவுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று: விவாகத்தின் பின்னரான சோரம், வன்மத்துடன் கைவிடல், விவாக வேளையிலே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற குறை. “எங்களுக்குள் ஒத்துவரவில்லை” என்பது இங்கு காரணமாகாது. ஒருவர் மற்றவர்மீது குற்றஞ் சாட்டி, மாவட்ட நீதிமன்றத்திலே எண்பிக்க வேண்டும்.

செலவின் வேர் இங்கேதான் இருக்கின்றது. குற்றத்தை மறுத்து மற்றவர் எதிர்வழக்காடினால் சாட்சி வரும், குறுக்கு விசாரணை வரும், தவணைமேல் தவணை வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தவணையொன்றுக்குச் சட்டத்தரணிக்கு 5,000 ரூபா, இழந்த நாட்கூலி 2,500, போக்குவரத்து 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு தவணை 8,500. நான்கு தவணையில் முடிந்தால் 34,000. இருபது தவணை இழுத்தால் 1,70,000. எதிர்ப்பக்கத்துக்கும் அவ்வளவு சேர்த்தால் ஒரே குடும்பத்திலிருந்து 3,40,000 ரூபா போயிற்று. இத்தொகைகள் உதாரணத்துக்காக நாம் எடுத்தவை; ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் வழக்கின் விலையைத் தீர்மானிப்பது தவணைகளின் எண்ணிக்கை என்பது மாறாது. வென்றவருக்குச் செலவுத் தொகை கொடுக்கும்படி நீதிமன்றம் கட்டளையிட்டாலும், நாம் செலவழித்தது முழுவதும் அதனால் திரும்பி வந்துவிடாது.

பொய்க் காரணம் புனைந்து இருவரும் ஒத்துக்கொள்வது கூட்டுச் சதி. நீதிமன்றம் அதை ஏற்காது. ஆனால் பிள்ளைகள் யாருடன் இருப்பது, மாதம் எவ்வளவு கொடுப்பது, தளபாடம் யாருக்கு என்பவற்றை இரு பகுதியாரும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வது குற்றமன்று. அப்படிப் பேசித் தீர்த்த ஒவ்வொன்றும் சில தவணைகளை மிச்சப்படுத்தும்.

ஆகவே ஒரு கொப்பியை எடுத்து மூன்று பக்கங்கள் எழுதச் சொல்லுகின்றோம்.

முதற் பக்கம் வழக்கின் கணக்கு. சட்டத்தரணியிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்: சொல்லும் தொகை முழு வழக்குக்குமா, தவணைக்கா? நீதிமன்றில் வாதாட இன்னொரு சட்டத்தரணி வந்தால் அவருக்கு வேறாகவா? அழைப்பாணை சேர்ப்பித்தல், பிரதிகள், மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கு எவ்வளவு? எதிராளி தோன்றாவிட்டால் என்ன செலவு, எதிர்த்தால் என்ன செலவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். முதலிற் கிடைக்கும் தீர்ப்பு, குறைந்தது மூன்று மாதம் கழிந்த பின்னரே முற்றாக்கப்படும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் மறுமணத்துக்கு மண்டபம் பேச வேண்டாம்.

இரண்டாம் பக்கம் வாழ்வின் கணக்கு. ஒரு வீடு இரண்டாகும்போது வாடகை இரண்டு, மின்சாரப் பட்டியல் இரண்டு, அடுப்பு இரண்டு, சம்பளமோ முன்னிருந்ததுதான். முற்பணம் கேட்கும் வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூட வான், மருந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். குறைந்தது ஆறு மாதச் சீவனத்துக்கு வழி தெரிந்தபின் வழக்கைத் தொடங்குவது நன்று. தாபரிப்புக் கேட்பதற்கு மணமுறிவு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். தன்னைத் தாபரிக்க இயலாத மனைவியோ கணவனோ கேட்கலாம், பிள்ளைகளுக்காகவும் கேட்கலாம். கொடுக்கத் தவறினால் சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுக்கச் செய்யவும் அச்சட்டத்தில் இடமுண்டு.

மூன்றாம் பக்கம் உடைமையின் கணக்கு. எது சீதனம், எது முதுசம், எது சேர்ந்து தேடியது என்று எழுதுங்கள். தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி சீதனம் மனைவியின் தனிச்சொத்து.  கொலன்னாவையில் எமது அயலவர் எல்லோரும் வடக்கிலிருந்து வந்தவர் அல்லர். மலையகத்தாரும் பிறரும் உளர். அவர்களுக்குத் தேசவழமை பொருந்தாது. “எமக்கு எந்தச் சட்டம்?” என்பதே சட்டத்தரணியிடம் கேட்க வேண்டிய முதல் வினா. நகைகளின் பற்றுச்சீட்டு, உறுதி, வங்கிப் புத்தகம், விவாகச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைப் பத்திரமான ஓரிடத்தில் வையுங்கள். தாலி கட்டியதோடு நின்று பதிவு செய்யாதவர்கள், விவாகம் நடந்ததென்பதை எண்பிக்கவே தனியாகச் செலவழிக்க நேரும். இளைஞர்களே, கலியாணப் பதிவை ஒத்திவைக்காதீர்கள்!

கையிற் காசில்லாதவர்களுக்கும் வழியுண்டு. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் புதுக்கடையிலேயே இருக்கின்றது. வருமானங் குறைந்தவர்களுக்கு அது சட்ட உதவி வழங்குகின்றது. அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரிடம் பெற்ற வருமானச் சான்று ஆகியவற்றோடு போவது நன்று. அந்தச் சகோதரி காப்பை அடைவு வைக்குமுன் இந்தப் படியை மிதித்திருந்தால்!

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி உதை நடக்கும் வீட்டிலே கணக்குப் பார்த்துக்கொண்டு இருக்கலாகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உயிர் முதலில், கொப்பி பிறகு.

பெரியோர்களே! பிள்ளைகள் இருவரையும் இருத்திச் சமாதானம் பேசுங்கள். அது உங்கள் கடமை. சமாதானம் கைகூடாதென்று கண்டபின் “எங்கள் மானம்” என்று சொல்லி எதிர்வழக்காடத் தூண்டாதீர்கள். அந்த மானத்தின் விலையைத் தவணைக்குத் தவணை கட்டுவது உங்கள் பேரப்பிள்ளைகளே. இளைஞர்களே! புதுக்கடைக்குத் தனியே போகும் ஒரு சகோதரிக்கோ சகோதரனுக்கோ துணையாகப் போங்கள். கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். தவணைத் திகதியைக் குறித்துக் கொடுங்கள். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

எமது மன்றத்தார் எவருக்கும் இந்தக் கொப்பி தேவைப்படாதிருக்க இறைவனை வேண்டுகின்றோம். தேவைப்படுமாயின், அதன் முதற் பக்கத்தை எழுத அருகில் ஒருவர் இருக்கட்டும்.