பழைய மாதிரி இரயில்களும் செப்பனிடும் நெறியும்



சென்ற நூற்றாண்டின் மாதிரி இரயில்களைத் திரட்டிச் செப்பனிடும் நம்மைப் பார்த்து, "இது சிறுவர் விளையாட்டன்றோ?" என வினவுவோர் உளர். சிறுவர்க்கெனச் செய்யப்பட்டவை என்பது மெய்தான். லிவர்பூலில் பிராங்க் ஹார்ன்பி 1920இல் விற்பனைக்குக் கொணர்ந்தவை தகர இரயில்கள். சாவி கொடுத்தால் சுருள்வில்லின் விசையால் ஓடுபவை. அவற்றின் தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர். 1938இல் அவர்தம் நிறுவனம் 'ஹார்ன்பி டப்ளோ'வை வெளியிட்டபோது அது 16.5 மில்லிமீட்டராகச் சுருங்கிற்று. மின்னியக்க வகையில் நடுவே மூன்றாவது தண்டவாளம் மின்சாரம் தந்தது.

ஓடாத டப்ளோ இயந்திரம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் ஐயுற வேண்டியது எண்ணெயை. பல்லாண்டு கிடந்த எண்ணெய் பிசினாய் இறுகிப் பற்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். அதனைத் துடைத்து, புதிதாய் ஒரு துளி இட்டாலே பல இயந்திரங்கள் உயிர்பெறும். காந்தத்தை மட்டும் விரைந்து கழற்றலாகாது. முனைகளை இரும்புத் துண்டால் இணைக்காமல் பிரித்தால் பழங்காலக் காந்தத்தின் வலிமை குன்றும். கழற்றும் ஆர்வத்தை அடக்குதல் மாணவர்க்குக் கடினமே, நமக்கும் எளிதன்று.

எண்ணெயால் தீராத நோயும் உண்டு. அக்காலச் சக்கரங்கள் பல துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. வார்க்கும்போது சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்பு பரவும்; சக்கரம் வீங்கும், வெடிக்கும், இறுதியில் கையோடு உதிரும். ஈரமும் வெப்பமும் இதனை விரைவுபடுத்துவதால், நம் மண்ணில் இவற்றைக் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைப்பது போதாது. ஒளிப்படக் கருவிகளுக்குரிய ஈரநீக்கப் பெட்டியே தகும். எனினும் வார்ப்பிலேயே புகுந்த நோய்க்கு மருந்தில்லை. புதிய சக்கரம் பூட்டத்தான் வேண்டும்.

ஓடுவதற்காகப் பிறந்த பொருள் ஓட வேண்டும் என்பதே நம் கருத்து. ஆதலின் சக்கரத்தை மாற்றுகிறோம். ஆனால் கீறல் விழுந்த தகரத்துக்குப் புதுவண்ணம் பூசுவதை ஏற்கோம். அச்சிட்ட பழைய வண்ணத்தை மறைத்தபின், அது இருந்தவாறு மீட்டெடுத்தல் அரிது. சந்தையில் பளபளப்பு விலைபோகும் என்பார், போகட்டும். கழற்றிய சக்கரத்தின் துண்டுகளை உறையிலிட்டு, மாற்றிய நாளையும் எழுதி, வண்டியோடே வைக்கிறோம். அடுத்துத் திறப்பவர் ஆலை வார்த்தது எது, நாம் சேர்த்தது எது எனப் பிரித்தறிவார்.